நெருக்கடிக் காலச் செய்தி, மக்கள் குரல், இதழியல் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர், வெள்ளம், தொற்றுநோய் போன்ற நேரங்களில் வரும் செய்திகளை ஆராய்வதுதான் என் வேலை என்று சொன்னதும், அடுத்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாணவர்கள் கேட்டது, வேலையை விட்டுவிட்டு ஆய்வுக்கு வர நினைக்கும் நிருபர்கள் கேட்டது, அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் கேட்டது எல்லாவற்றையும் அவரவர் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசும்.

1. இதழியல் ஆய்வாளர்னா நிருபர்தானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நிருபர் சம்பவத்தைப் பற்றி எழுதுவார். அவர் எழுதிய செய்தி எப்படி உருவானது, யாரிடமெல்லாம் பேசி எழுதினார், யார் விடுபட்டுப் போனார்கள், படித்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்ப்பது ஆய்வாளரின் வேலை. நிருபருக்கு இன்று மாலைக்குள் செய்தி போயாக வேண்டும். எங்களுக்கு ஒரே சம்பவத்தின் செய்திகளை இரண்டு மூன்று வருடம் எதிரில் வைத்துப் பார்க்க அவகாசம் உண்டு.

இது புதிதாக முளைத்த துறையும் இல்லை. 1910ல் ஜெர்மன் சமூகவியலாளர்கள் மாநாட்டிலேயே பத்திரிகைகளைப் பெரிய அளவில் ஆராய வேண்டும் என்று மாக்ஸ் வேபர் ஒரு திட்டம் வைத்தார். 1920ல் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் வால்டர் லிப்மனும் சார்ல்ஸ் மெர்ஸும், ரஷ்யப் புரட்சியைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்திகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தார்கள். புரட்சியில் வந்த போல்ஷெவிக் ஆட்சி விழப்போகிறது அல்லது விழுந்துவிட்டது என்று 1917 நவம்பரிலிருந்து இரண்டு வருடத்துக்குள் 91 முறை அந்தப் பத்திரிகையில் வந்திருந்தது. ஆட்சி விழவே இல்லை. தினமும் காலையில் பத்திரிகை படித்தவருக்கு இது உறைத்திருக்காது, மொத்தமாக அடுக்கி எண்ணிப் பார்த்ததால் வெளியே வந்தது. நூறு வருடம் கழித்து நாங்கள் செய்வதும் அடிப்படையில் இதேதான்.

2. பத்திரிகையில வேலை பார்த்த அனுபவம் கண்டிப்பா வேணுமா?

கட்டாயம் இல்லை. இருந்தால் உதவும், செய்தி அறைக்குள் போய் உட்கார அனுமதி கிடைப்பது சுலபமாகும், டெஸ்க்கில் இருப்பவர்களின் அவசரம் புரியும். ஆனால் பழகிப்போன விஷயங்கள் கண்ணில் படாமல் போகிற சிக்கலும் அதிலேயே இருக்கிறது. அதிகாரியிடம் உறுதி செய்யாமல் எப்படிச் செய்தி போடுவது என்பது நிருபருக்குக் கேள்வியே இல்லை, தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ஆய்வாளருக்கோ அங்கேதான் கேள்வி தொடங்குகிறது: அந்த அதிகாரியே ஒரு தரப்பாக இருந்தால்?

சமூகவியல், அரசியல், மொழியியல், புள்ளியியல், கணினி என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். தினமும் நிறையப் படிக்கிற பொறுமை இருக்கிறதா என்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

3. நெருக்கடிச் செய்தின்னா போர், பூகம்பம் மட்டும்தானா? சாதாரணச் செய்தியை ஆராய்ஞ்சா ஆகாதா?

தாராளமாக ஆகும். ஆனால் நெருக்கடி நேரத்தில் செய்தி அறையின் பழக்கங்கள் அப்பட்டமாகத் தெரியும். சம்பவம் நடந்த முதல் சில மணி நேரத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, திரையை நிரப்பியாக வேண்டும், கையில் இருப்பது ஓர் அரசு அறிக்கை. அப்போது யாரை அழைக்கிறார்கள், எந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், எதை உறுதியாகச் சொல்கிறார்கள், எதைச் 'சொல்லப்படுகிறது' என்று தள்ளி வைக்கிறார்கள் என்பதிலிருந்து நிறையப் படிக்கலாம். எந்த நிகழ்வு செய்தியாகிறது என்பது பற்றி இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டும் 1965ஆம் ஆண்டு ஆய்வில், யோஹான் கால்டுங்கும் மாரி ருகேயும் எடுத்துக்கொண்டது காங்கோ, கியூபா, சைப்ரஸ் ஆகிய மூன்று நெருக்கடிகளைத்தான். அவற்றை நான்கு நார்வே பத்திரிகைகள் எப்படிக் கொடுத்தன என்று பார்த்தார்கள்.

வறட்சி, வெப்ப அலை, கடலரிப்பு மாதிரி மெதுவாக நகரும் நெருக்கடிகளும் இதில் சேரும். என்னைக் கேட்டால் அவற்றில்தான் வேலை அதிகம் பாக்கி இருக்கிறது. 'இன்று நடந்தது' என்று சொல்ல ஒரு நாள் இல்லாததால் செய்திக்குள் வருவதற்கே அவை கஷ்டப்படுகின்றன.

4. மக்கள் குரல்னு தனியா ஏன் ஆராயணும்? எல்லா சேனல்லயும் மைக்கை நீட்டி ஜனங்ககிட்ட கேக்கத்தானே செய்றாங்க?

கேட்கிறார்கள். என்ன கேட்கிறார்கள், அதில் எதை ஒளிபரப்புகிறார்கள் என்பதுதான் விஷயம்.

இரண்டு நிமிடம் ஓடும் ஒரு வெள்ளச் செய்தியை வைத்துக்கொள்ளுங்கள். நிருபர் இடுப்பளவு நீரில் நின்று பேசுகிறார். பிறகு ஓர் அதிகாரி: எவ்வளவு நீர் திறக்கப்பட்டது, எத்தனை முகாம்கள், இருபது நொடி. ஓர் அமைச்சர்: நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, பதினைந்து நொடி. அப்புறம் ஒரு பெண், 'எல்லாம் போச்சுங்க, ஒண்ணுமே மிச்சமில்ல' என்று அழுகிறார், ஐந்து நொடி, திரையில் பெயர்கூடப் போடவில்லை. இதை ஆராயும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வரி போட்டு, எத்தனை நொடி பேசினார், பெயர் வந்ததா, அவரிடமிருந்து எது எடுக்கப்பட்டது (உணர்வா, அனுபவமா, தகவலா, காரணமா, கோரிக்கையா) என்று குறித்துக்கொண்டே போவோம். ஐந்நூறு செய்திகளுக்கு இப்படிப் போட்டால் மக்கள் பெயருக்கு எதிரே 'உணர்வு' கட்டம் மட்டும் நிறைந்துகொண்டே போவதும், 'காரணம்', 'கோரிக்கை' கட்டங்கள் காலியாகவே கிடப்பதும் கண்ணுக்குத் தெரியும். அதே பெண்ணிடம் பிறகு உட்கார்ந்து பேசினால், தண்ணீர் முன்பக்கத் தெருவிலிருந்து வரவில்லை, பின்னாலிருந்த அடைபட்ட கால்வாயிலிருந்து வந்தது, யாரும் ஒலிபெருக்கியில் எச்சரிக்கவில்லை, நடக்க முடியாத ஒரு பெரியவரை நாலு பேர் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்லுவார். ஏன் வெள்ளம் வந்தது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அவரிடமே இருந்தது. செய்தி அவரிடம் கண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டு காரணத்தை அதிகாரியிடம் கேட்டது.

வெள்ளச் செய்தி நான் சொன்ன உதாரணம். ஆனால் இந்தப் பாங்கு நிஜம். ஜஸ்டின் லூயிஸ், சனா இன்தார்ன், காரின் வால்-யோர்கென்சன் மூவரும் பிரிட்டிஷ், அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்து 2005ல் வெளியிட்ட ஆய்விலும், சாதாரண மக்கள் அடிக்கடி வருகிறார்கள், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அவர்களை அபூர்வமாகத்தான் காட்டுகிறார்கள் என்று தெரிந்தது. உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995லிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பல நாடுகளின் ஒரே நாள் செய்திகளை எடுத்து எண்ணுகிறது. செய்தியில் இடம்பெறுவோரில் பெண்கள் 1995ல் 17 சதவீதம், 2020ல் 25 சதவீதம். இருபத்தைந்து வருடத்தில் நகர்ந்தது அவ்வளவுதான்.

5. இப்போ எல்லார் கையிலயும் போன் இருக்கே, அவங்களே வீடியோ போட்டுடறாங்க. அப்போ இந்தப் பிரச்சனை தீர்ந்துச்சுதானே?

ஒரு பகுதி தீர்ந்தது. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பு அன்று முதல் ஆறு மணி நேரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், 20 வீடியோக்கள், 4,000 குறுஞ்செய்திகள், 20,000 மின்னஞ்சல்கள் பிபிசிக்கு வந்தன. 2008ல் கென்யாவில் தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையின்போது, மக்கள் அனுப்பும் தகவலை வரைபடத்தில் ஏற்ற உஷாஹிதி என்ற தளம் உருவானது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அதைப் பயன்படுத்தினார்கள். 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்பவர் காவலரின் முழங்காலுக்கு அடியில் நசுங்கி இறந்தபோது, காவல்துறையின் முதல் அறிக்கை அதை ஒரு மருத்துவச் சம்பவம் என்றுதான் சொன்னது. பக்கத்தில் நின்ற 17 வயதுப் பெண் போனில் எடுத்த வீடியோ வராமல் போயிருந்தால் அந்த அறிக்கையே செய்தியாக நின்றிருக்கும். அந்தப் பெண்ணுக்கு 2021ல் புலிட்சர் குழு சிறப்பு விருது கொடுத்தது.

ஆனால் படம் செய்திக்குள் வருவதும் எடுத்தவர் வருவதும் ஒன்றில்லை. நாலாவது பதிலில் சொன்ன அட்டவணையை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். வீடியோ ஓடுகிறது, எடுத்தவர் பெயர் இல்லை, அவர் பேசியதை 'மியூட்' செய்துவிட்டார்கள், மேலே வேறொருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்ணை எடுத்துக்கொண்டு வாயை விட்டுவிட்ட மாதிரி. அப்புறம் போன், சார்ஜ், நெட்வொர்க் எதுவும் இல்லாதவர்கள் நெருக்கடியில் அதிகம் அடிபட்டவர்களாக இருப்பார்கள், அவர்கள் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

6. நாள் முழுக்க அப்படி என்னதான் செய்வீங்க?

அதிக நேரம் படிப்பதும் குறிப்பதும். நாலாவது பதிலில் சொன்ன அந்த வரி போடும் வேலைக்கு கோடிங் என்று பெயர், கணினி நிரல் எழுதுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒருவர் 'உணர்வு' என்று குறித்ததை இன்னொருவர் 'அனுபவம்' என்று குறித்தால் ஆய்வு ஆட்டம் கண்டுவிடும். அதனால் ஒரே செய்திகளை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போடுவோம். கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவைப் பலரும் பயன்படுத்துகிறார்கள், 0.80க்கு மேல் இருந்தால் நம்பலாம், 0.667க்குக் கீழே போனால் வகைப்பாட்டைத் திருத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மாதக் கணக்கில் இழுக்கும், அலுப்பாகவும் இருக்கும், ஆனால் இதைத் தாண்டாமல் சொல்லும் எதையும் 'உங்களுக்கு அப்படித் தோன்றியது' என்று யாரும் ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம்.

மீதி நேரம் செய்தி அறையில் உட்கார்ந்து கவனிப்பது, நேர்காணல், அதை எழுத்தில் இறக்குவது, வகுப்பு எடுப்பது, மாணவர் கட்டுரை திருத்துவது, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது. கடைசியில் சொன்னது எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பதைத் துறைக்கு வருமுன் யாரும் சொல்வதில்லை.

7. தலைப்பு எப்படிப் பிடிக்கிறது? எல்லாத்தையும் ஏற்கனவே யாரோ பண்ணிட்டாங்களே

'சமூக ஊடகமும் பேரிடரும்' என்று தேடினால் அப்படித்தான் தோன்றும், அது தலைப்பே இல்லை. உங்களை உறுத்திய ஒரே ஒரு செய்தியிலிருந்து ஆரம்பியுங்கள். இவரிடம் ஏன் கேட்கவில்லை, மூன்றாம் நாள் செய்தி ஏன் நின்றுபோனது, முகாமில் இருப்பவர்கள் எந்த மொழியில் செய்தி கேட்டார்கள், ஒரு வருடம் கழித்து நிருபர் திரும்பிப் போனாரா. இந்த அளவுக்குக் குறுகினால்தான் மூன்று நான்கு வருடத்தில் முடிக்க முடியும்.

உங்களுக்குத் தெரிந்த மொழியைச் சொத்தாக நினையுங்கள். இந்தத் துறையில் ஆங்கிலச் செய்திகளைப் பற்றிய ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன, மற்ற மொழிகளில் நெருக்கடி எப்படி எழுதப்படுகிறது என்பது பெரும்பாலும் தொடாத நிலம்.

8. ட்விட்டர், ஃபேஸ்புக்ல இருந்து எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி ஆராயலாமா? பப்ளிக்கா தானே போட்டிருக்காங்க

முதலில் நடைமுறை. ட்விட்டர் ஆய்வாளர்களுக்குத் தந்துவந்த இலவசத் தரவு வழியை 2023ல் மூடிவிட்டார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைப் பின்தொடர உதவிய கிரவுட்டாங்கிள் என்ற கருவியை 2024 ஆகஸ்டில் அவற்றின் தாய் நிறுவனமான மெட்டா நிறுத்தியது. ஒரு நிறுவனத்தின் முடிவை நம்பி முழு ஆய்வையும் கட்டினால் நடுவழியில் தரையே இல்லாமல் போகலாம், அதனால் நேர்காணலோ பத்திரிகைக் காப்பகமோ ஏதாவது ஒரு மாற்று வழியை ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நியாயம். தெருவில் எல்லோர் காதிலும் விழும்படி அழுதார் என்பதற்காக அதை அச்சில் போட அவர் சம்மதித்தார் என்று ஆகாது. ஒரு பதிவை அப்படியே மேற்கோள் காட்டினால், அந்த வரியைத் தேடியதும் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். போர் நடக்கும் இடத்திலிருந்து எழுதியவர் பின்னால் பயந்து அதை அழித்திருக்கலாம், உங்கள் கட்டுரையில் மட்டும் அது அழியாமல் நிற்கும். சாதாரண மனிதர் என்றால் அனுமதி கேளுங்கள், கேட்க வழியில்லை என்றால் வேறு வார்த்தைகளில் பொதுவாகச் சொல்லுங்கள். பொறுப்பில் இருப்பவர் தன் பதவியில் இருந்துகொண்டு எழுதியதை அப்படியே காட்டலாம்.

9. எல்லாத்தையும் பறிகொடுத்தவங்ககிட்ட போய் ரெக்கார்டரை நீட்டறது மனசுக்குக் கஷ்டமா இல்லையா?

இருக்கும், இருக்கவும் வேண்டும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல், கையெழுத்திட்ட சம்மதப் படிவம் எல்லாம் தேவைதான். ஆனால் படிவத்தைப் பார்த்ததும் நிவாரணத்துக்கான பதிவு என்று நினைத்துக் கையெழுத்துப் போடுபவர்கள் உண்டு. நான் தொண்டு நிறுவனம் இல்லை, அரசு இல்லை, இதனால் உங்களுக்கு உதவித்தொகை வராது, பேசாவிட்டாலும் எதுவும் குறையாது என்று வாயால் சொல்லிவிட்டு, நாம் சொன்னதை அவர் புரிந்துகொண்டாரா என்று பார்த்த பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

சம்பவம் நடந்த வாரத்திலேயே போக வேண்டிய அவசியம் நமக்கு இல்லை, அந்த அவசரம் நிருபருடையது. சில மாதம் கழித்துப் போனால் தங்களைப் பற்றி வந்த செய்தியைப் பற்றியும் அவர்கள் பேசுவார்கள், ஆய்வுக்குத் தேவையானது அதுதான். 'என்ன நடந்தது' என்று ஆரம்பிக்காமல் 'அன்னிக்கு உங்ககிட்ட யாரெல்லாம் வந்து பேசினாங்க' என்று கேட்டுப் பாருங்கள். எந்த அளவுக்கு உள்ளே போவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.

10. இந்த மாதிரிக் காட்சிகளையே பாத்துட்டிருந்தா நம்ம மனசு என்ன ஆகும்?

பாதிக்கும். களத்துக்கே போகாமல் செய்தி அறையில் உட்கார்ந்து பொதுமக்கள் அனுப்பும் வன்முறைக் காட்சிகளைச் சரிபார்ப்பவர்களிடம் நடத்தி 2014ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே அமர்வில் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு அடிக்கடி பார்த்தார்கள் என்பது அதிகம் பாதித்ததாகச் சொன்னது. ஆய்வாளர் அதே காட்சியைக் கோடிங்குக்காக ஐந்தாறு முறை பார்க்கிறார்.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பது, திரையைச் சிறிதாக்குவது, நிறம் தேவை இல்லை என்றால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது, இரவில் பார்க்காமல் இருப்பது, இருவர் சேர்ந்து செய்வது எல்லாம் உண்மையிலேயே உதவுகின்றன. தூக்கம் கெட்டால் நெறியாளரிடம் சொல்லுங்கள், அதைப் பலவீனமாகப் பார்க்கும் நெறியாளரிடம் இந்தத் தலைப்பில் சேரவே வேண்டாம்.

11. பிஎச்டி எத்தனை வருஷம்? முடிச்சா வேலை கிடைக்குமா?

பிரிட்டன், ஆஸ்திரேலியா முறையில் மூன்று நான்கு வருடம், அமெரிக்காவில் பாடங்களும் சேர்வதால் ஐந்து ஆறு. அதன்பின் பலருக்குத் தற்காலிக ஆய்வுப் பணிகள், ஒப்பந்த விரிவுரையாளர் வேலை என்று சில வருடம் ஓடும். நிரந்தரப் பணி எல்லோருக்கும் கிடைக்காது. கிடைக்கும் என்று உறுதி சொல்பவரை நம்பாதீர்கள். உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கிச் சேருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே உண்மை சரிபார்ப்பு, பேரிடர்க் காலத் தகவல் தொடர்பு, மனித உரிமை அமைப்புகளின் ஆவணப் பிரிவு போன்ற இடங்களில் இந்தப் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. 2020ல் வந்த பெர்க்லி நெறிமுறை, இணையத்தில் கிடைக்கும் காட்சிகளைச் சாட்சியமாகச் சேகரிப்பது எப்படி என்று வரையறுத்திருக்கிறது. ஆய்வு மாணவர்கள் அதையும் கற்றுவைப்பது நல்லது.

12. மக்கள் சொல்றதே பொய்யா இருந்தா? வதந்தியைப் பரப்பறதும் அவங்கதானே?

நல்ல கேள்வி, தப்பிக்கப் பார்க்க மாட்டேன். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு இணையத்தில் கூடியவர்கள் படங்களை வைத்துத் தாங்களே குற்றவாளியைத் தேடி, சம்பந்தமே இல்லாத ஒருவரைக் குறி வைத்தார்கள், அந்தக் குடும்பம் பட்டது கொஞ்சமில்லை. ஆக, மக்கள் சொன்னது என்பதாலேயே எதுவும் உண்மையாகிவிடாது.

ஆனால் இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேரில் கண்டவர் தான் கண்டதைச் சொல்வது ஒன்று, காணாதவர் ஊகிப்பது வேறு. பாஸ்டனில் நடந்தது இரண்டாவது. அப்புறம் ஐந்தாவது பதிலில் சொன்ன மினியாபொலிஸ் அறிக்கையை நினைத்துப் பாருங்கள், அதிகாரபூர்வமாக வந்தது என்பதாலும் எதுவும் உண்மையாகிவிடவில்லை. நான் கேட்பது ஒரே அளவுகோல்: சாதாரண மனிதரின் பேச்சைச் சரிபார்க்கும் அதே கண்டிப்போடு அறிக்கையையும் சரிபாருங்கள், அறிக்கைக்குத் தரும் அதே இடத்தைச் சரிபார்த்த சாட்சிக்கும் தாருங்கள்.

13. அப்போ நீங்க பாதிக்கப்பட்டவங்க பக்கம். ஆய்வாளர் நடுநிலையா இருக்க வேணாமா?

எதை ஆராய்வது என்று தேர்ந்தெடுப்பதில் நான் நடுநிலை இல்லை, யாருடைய பேச்சு விடுபடுகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுவதால்தான் இந்த வேலைக்கே வந்தேன். எண்ணிக்கை என்ன சொல்கிறது என்பதில் என் விருப்பத்துக்கு இடம் இல்லை. ஆறாவது பதிலில் சொன்ன இரண்டு பேர் குறிக்கும் முறை அதற்காகத்தான் இருக்கிறது. ஒரு செய்தி நிறுவனம் மக்களை நன்றாகப் பேச விட்டிருந்தால் அதையும் அப்படியே எழுதியாக வேண்டும். அப்படிப்பட்டவையும் உண்டு, அங்கே என்ன வித்தியாசமாகச் செய்தார்கள் என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும் ஆய்வு.

14. அவங்க கஷ்டத்தை வச்சு நீங்க டாக்டர் பட்டம், புரொபசர் வேலைன்னு போறீங்க. அவங்களுக்கு என்ன கிடைக்குது?

பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை, அதுதான் உண்மை. கட்டுரை பணம் கட்டினால்தான் படிக்க முடிகிற இதழில், அவர்களுக்குத் தெரியாத மொழியில் வெளிவருகிறது. மைக்கை நீட்டி ஐந்து நொடி எடுத்துக்கொண்டு போன சேனலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நாமும் அதையே நிதானமாகச் செய்தால் அது நியாயமில்லை.

செய்ய முடிந்தவை சில உண்டு. அவர் பேசியதை எழுத்தில் இறக்கியதும் அவருக்கே படித்துக் காட்டி, எடுக்கச் சொன்ன இடத்தை எடுத்துவிடலாம். அவர் சொன்ன தகவலை அவர் விரும்பினால் அவர் பெயரிலேயே போடலாம், எல்லோரையும் 'பதிலளிப்பவர் 7' ஆக்க வேண்டியதில்லை. கண்டுபிடித்ததை அவர்கள் மொழியில் நாலு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதே நாலு பக்கத்தை உள்ளூர் செய்தி அறையில் உட்கார்ந்து பேசலாம், நிருபர்கள் ஆய்விதழ் படிக்க மாட்டார்கள், ஆனால் தங்கள் செய்திகளை யாராவது எண்ணிக் காட்டினால் கவனமாகக் கேட்பார்கள். இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் நிதி விண்ணப்பம் எழுதும் நாளிலேயே திரும்பிப் போகும் பயணச் செலவு, மொழிபெயர்ப்புச் செலவு இரண்டையும் தனி வரியாகப் போட்டுவிடுங்கள், கடைசி வருடத்தில் கேட்டால் கிடைக்காது.